மூன்றாண்டுச் சட்டத்துக்கு 46 வயது: நீக்குவதா, திருத்துவதா, புதிதாக எழுதுவதா?

இலங்கையின் வரவு செலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதத்தில் பாதுகாப்பு அமைச்சின் செலவினத் தலைப்பு எடுத்துக்கொள்ளப்படும் நாளில், முப்படைகளின் சீருடை முதல் எரிபொருள் வரை எல்லாச் செலவும் நாடாளுமன்றத்தின் முன்னால் வந்து நிற்கிறது. 2025ஆம் ஆண்டுக்கான ஒதுக்கீட்டுச் சட்டமூலத்தில் அந்த அமைச்சுக்கு ஏறத்தாழ 442 பில்லியன் ரூபா கேட்கப்பட்டது. போர் முடிந்து 16 ஆண்டுகளான பின்னும் இவ்வளவு தேவையா என்று கேட்க எதிர்க்கட்சிக்கு அன்று வாய்ப்புண்டு, பதில் சொல்ல அமைச்சருக்குக் கடமையுண்டு. அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை பொது நிதியின் முழுக் கட்டுப்பாட்டையும் நாடாளுமன்றத்திடம் கொடுத்திருப்பதால், பணத்துக்கான அனுமதிக்கு ஓராண்டுதான் ஆயுள். அடுத்த ஆண்டு மறுபடியும் வந்து கேட்டாக வேண்டும். ஆனால் அதே பணத்தில் சம்பளம் பெறும் ஓர் அதிகாரி ஒருவரைப் பிடித்து, குற்றஞ்சாட்டாமலே மாதக்கணக்கில் அடைத்து வைப்பதற்கான அதிகாரத்துக்கு அப்படி எந்த முடிவுத் திகதியும் இல்லை. பயங்கரவாதத் தடைச் சட்டம் கொடுத்திருக்கும் அந்த அதிகாரத்தைப் பற்றி இப்போது நாடு எடுக்க வேண்டியிருக்கும் தீர்மானத்தில் நம்முன் இருக்கும் வழிகளை இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்தே ஒப்பிட விரும்புகிறேன்.

பயங்கரவாதத் தடைச் சட்டம் என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின் முழுப்பெயரில் ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்ற சொற்கள் இன்றும் இருக்கின்றன. அந்த ஆண்டு ஜூலையில் ஜே.ஆர். ஜயவர்தன அரசு அதைக் கொண்டுவந்தபோது அதன் ஆயுள் மூன்றாண்டுகள் என்றே எழுதப்பட்டிருந்தது. அதே மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்ட பிரிகேடியர் வீரதுங்கவுக்கு டிசம்பர் 31ஆம் திகதிக்குள் பயங்கரவாதத்தை ஒழித்துவிட வேண்டும் என்று காலக்கெடுவும் விதிக்கப்பட்டது. ஆறு மாத வேலைக்கு மூன்றாண்டுச் சட்டம் என்பதே அன்றைய கணக்கு. 1982இன் 10ஆம் இலக்கத் திருத்தம் அந்த மூன்றாண்டு வரம்பை எடுத்துவிட்டது. பெயரை மாற்ற மட்டும் யாருக்கும் நினைவு வரவில்லை போலும்.

2024 நவம்பர் பொதுத் தேர்தலில் 225 இடங்களில் 159ஐ வென்ற தேசிய மக்கள் சக்தி, இச்சட்டத்தை நீக்குவதாகத் தன் விஞ்ஞாபனத்தில் வாக்களித்திருந்தது. ஆட்சிக்கு வந்தபின் வரைவுக் குழு ஒன்றை அமைத்து, பயங்கரவாதத்திலிருந்து அரசைப் பாதுகாக்கும் சட்டம் என்ற தலைப்பில் மாற்று வரைவு ஒன்றை நீதி அமைச்சின் வழியாக 2025 டிசம்பரில் வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தையும் கேட்டது. ஆகவே இருக்கும் சட்டத்தைத் திருத்தித் திருத்தி வைத்துக்கொள்வது, மாற்று எதுவுமின்றி நீக்குவது, நீக்கிவிட்டுப் புதுச் சட்டம் கொண்டுவருவது என்ற மூன்று வழிகளும் இன்று மேசையில் கிடக்கின்றன. மூன்றுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். நான் சட்டத்தரணி அல்லன்; எழுபதுகளின் இறுதியில் பிறந்து, இச்சட்டம் இல்லாத நாட்டில் வாழ்ந்த நினைவே இல்லாத ஒரு குடிமகன்.

எந்த வழியையும் எடைபோடுவதற்கு முன், சட்டத்தின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 9ஆம் பிரிவின்படி அமைச்சர் ஒரு தடுப்புக் கட்டளையில் ஒப்பமிட்டால் ஒருவரை மூன்று மாதங்களுக்கு அடைத்து வைக்கலாம், பின்னர் மூன்று மூன்று மாதங்களாக நீடிக்கலாம். அந்தக் கட்டளையைப் பிறப்பிக்க நீதிமன்றம் எதுவும் தேவையில்லை. கட்டளை இல்லாவிட்டால் 72 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்று 7ஆம் பிரிவு சொல்கிறது; ஆனால் அந்த நீதவானோ வழக்கு முடியும்வரை விளக்கமறியலில் வைக்கும்படி உத்தரவிட வேண்டியவரே தவிர, விடுவிப்பதா என்று தாமாகத் தீர்மானிக்கக்கூடியவர் அல்லர். இவற்றோடு 16ஆம் பிரிவு சேர்கிறது. பொலிஸாரிடம் அளித்த குற்ற ஒப்புதல் சாட்சியமாகாது என்று 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்திலேயே விதித்திருக்க, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லும் என்கிறது இப்பிரிவு. அது அச்சுறுத்திப் பெறப்பட்டது என்றால், அதை நிரூபிக்கும் பாரமும் கைதியின் தலையில்தான்.

இம்மூன்றும் ஒன்றுசேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் ஆராய்ந்த ஒரு வழக்கு தெளிவாகக் காட்டுகிறது. 1993இல் பிடிக்கப்பட்ட அந்தத் தமிழருக்குச் சிங்களம் தெரியாது. அவரிடம் கேள்வி கேட்டவர் பொலிஸ் அதிகாரி, மொழிபெயர்த்தவரும் ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள், வாக்குமூலம் தட்டச்சானது சிங்களத்தில். அதன் அடியில் அவருடைய பெருவிரல் அடையாளம் இருந்தது. வேறு சாட்சியம் இல்லாமல், அந்தக் காகிதத்தை வைத்தே 1995இல் அவருக்கு 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் 35 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. நியாயமான விசாரணைக்கான அவருடைய உரிமை மீறப்பட்டது என்று ஐ.நா. குழு கூறியபோதும், 2006இல் நமது உயர் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்துவிட்டது.

முதல் வழி திருத்தம். 2022ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதற்கு நல்ல மாதிரி. அதில் பயன் எதுவும் இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. தடுப்புக் காவலின் உச்சவரம்பு 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைந்தது, தடுப்பிடங்களை நீதவான் மாதம் ஒருமுறையேனும் சென்று பார்க்க வேண்டும் என்றானது, பிணைக்கான ஒரு சிறு கதவு திறந்தது, எழுதுவதையும் அச்சிடுவதையும் கட்டுப்படுத்திய 14ஆம் பிரிவு போனது. ஆனால் 16ஆம் பிரிவு அப்படியே நின்றது. தடுப்புக் கட்டளையும் அமைச்சரின் பேனாவிலேயே தங்கியது. திருத்தம் நிறைவேறிய அதே 2022இன் ஆகஸ்டில், அரகலய என்ற மக்கள் போராட்டத்தில் முன்னின்ற அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் அழைப்பாளர் இச்சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்டு, அடுத்த ஆண்டு தொடக்கத்தில்தான் நீதவான் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். சட்டத்தை நீக்குவோம் என்ற கட்சி ஆட்சிக்கு வந்தபின், 2025 மார்ச்சில், இஸ்ரேலைக் கண்டிக்கும் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிய 22 வயது இளைஞர் ஒருவருக்கு 90 நாள் தடுப்புக் கட்டளை பிறப்பிக்கப்பட்டது. ஒரு ஸ்டிக்கரை விசாரிக்க 90 நாள் என்ன, 90 நிமிடமே அதிகம். ஆட்சி மாறினாலும் அதிகாரியின் மேசையில் அந்தப் படிவம் இருக்கும்வரை அது நிரப்பப்படும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஆகவே திருத்தம் என்ற வழியை நான் விரைவாகவே ஒதுக்கிவிடுகிறேன்.

இரண்டாவது வழி, மாற்று எதுவுமின்றி நீக்குவது. ‘அப்படியானால் குண்டு வெடித்தால் என்ன செய்வீர்கள்?’ என்ற கேள்விதான் இதற்கு எதிராக முதலில் எழுகிறது. அதற்கான பதிலை 2019 ஏப்ரல் 21 ஏற்கெனவே சொல்லிவிட்டது. அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 260க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டபோது பயங்கரவாதத் தடைச் சட்டம் தன் முழு வலிமையோடு, திருத்தத்துக்கு முந்திய 18 மாத வரம்போடு, நடைமுறையில் இருந்தது. வெளிநாட்டு உளவுத் தகவல் பல நாட்களுக்கு முன்பே கொழும்புக்கு வந்திருந்தது. குறைவாக இருந்தது சட்டம் என்று எவரும் சொல்ல முடியாது. 2023 ஜனவரி 12ஆம் திகதியத் தீர்ப்பில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 100 மில்லியன் ரூபா இழப்பீடு செலுத்தும்படி பணித்ததும், பாதுகாப்புத்துறையின் உயர் அதிகாரிகள் மீது தனித்தனியே தொகைகளை விதித்ததும், கையில் கிடைத்த தகவலின்மீது செயற்படத் தவறியதற்காகத்தான்.

சாதாரணச் சட்டங்களின் கையிருப்பும் சிறியதன்று. தண்டனைச் சட்டக் கோவை இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் பயங்கரவாதக் குண்டுவெடிப்புகளை ஒடுக்கும் சட்டமும், 2005ஆம் ஆண்டின் பயங்கரவாத நிதியளிப்பைத் தடுக்கும் சட்டமும் இருக்கின்றன. வெறுப்பைத் தூண்டுவோருக்கு 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கை) சட்டம் இருக்கிறது (அதையே பேச்சை அடக்கும் தடியாகப் பயன்படுத்தியதும் நமக்குத் தெரியும், அது வேறு கதை). உண்மையிலேயே நாடு கொந்தளிக்கும் நிலை வந்தால் 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்யலாம். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் அடித்தபோது அரசு அதைத்தான் செய்தது. அந்தப் பிரகடனத்துக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும், ஒரு மாதத்தில் அது காலாவதியாகும், நீடிக்க மறுபடியும் சபைக்கு வர வேண்டும். புயலுக்கு மாதாமாதம் கணக்குக் காட்டும் அரசு, தடுப்புக் கட்டளைக்கு ஆண்டுக்கொரு முறைகூடக் காட்டுவதில்லை. 2011 ஆகஸ்டில் அவசரகால நிலை காலாவதியாக விடப்பட்டபோது, அதன் கீழிருந்த சில கட்டுப்பாடுகள் உடனேயே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகளாக மறுபிறப்பு எடுத்ததும் இதனால்தான். ஆயுள் வரம்புள்ள பாத்திரத்திலிருந்து வரம்பில்லாத பாத்திரத்துக்கு அதிகாரம் ஊற்றப்பட்டது.

இந்த வழியின் பலவீனங்களையும் மறைக்கக் கூடாது. சாதாரணக் குற்றவியல் நடைமுறையில் 24 மணி நேரத்துக்குள் சந்தேகநபரை நீதவான் முன் நிறுத்த வேண்டும். தொலைபேசிப் பதிவுகளையும் வெளிநாட்டு வங்கிக் கணக்குகளையும் துருவ வேண்டிய விசாரணைக்கு அது போதாது என்று புலனாய்வாளர்கள் சொல்வதில் உண்மை உண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் 2004இல் நீக்கப்பட்டபோது பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்; வைகோவை 2002இல் அதே சட்டத்தில் சிறைவைத்ததை மறக்காத தமிழ்நாட்டில் அந்த நிம்மதி இன்னும் அதிகம். ஆனால் அதே ஆண்டில் அதன் ஏற்பாடுகள் பல 1967ஆம் ஆண்டின் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்குள் குடியேறின, 2008இல் இன்னும் சில சேர்ந்தன. 180 நாள் வரை குற்றப்பத்திரிகை இல்லாமல் வைத்திருக்கவும், பிணையை ஏறத்தாழ எட்டாக்கனியாக்கவும் இன்று உதவுவது ஆயுள் வரம்பே இல்லாத அந்தப் பழைய சட்டம்தான். நீக்கிவிட்டோம் என்று மேளம் அடித்துவிட்டு, பின்கதவால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குள் அதே அதிகாரங்களை அழைத்துவருவது இங்கும் நடக்கக்கூடியதே.

மூன்றாவது வழியான மாற்றுச் சட்டத்துக்கு வருகிறேன். இங்குதான் அரசும், ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற ஏற்றுமதித் தீர்வைச் சலுகையை முன்வைத்து வற்புறுத்தும் ஐரோப்பிய ஒன்றியமும், சில சட்ட வல்லுநர்களும் நிற்கிறார்கள். 2018இல் ஒரு சட்டமூலம் வந்தது, 2023 மார்ச்சில் இன்னொன்று, அதே ஆண்டு செப்டெம்பரில் அதன் திருத்திய பதிப்பு, இப்போது 2025இன் வரைவு. பழைய சட்டத்தைவிட இவை பல இடங்களில் மேல் என்பதை மறுக்க முடியாது. பழைய சட்டத்தில் பயங்கரவாதத்துக்கு வரைவிலக்கணமே கிடையாது, இவற்றில் உண்டு. 2018, 2023 சட்டமூலங்களில் பொலிஸ் வாக்குமூலத்தைச் சாட்சியமாக்கும் ஏற்பாடு கைவிடப்பட்டது. ஆனால் வரைவிலக்கணம் இருப்பது ஒன்று, அது யாரைப் பிடிக்கும் என்பது வேறு. பொதுமக்களை அச்சுறுத்துதல், அரசை ஒன்றைச் செய்யவோ செய்யாதிருக்கவோ வற்புறுத்துதல் போன்ற நோக்கங்களோடு அத்தியாவசியச் சேவைக்கு இடையூறு செய்வதையும் சேர்த்து எழுதினால், ரயில் தொழிற்சங்கத்தின் வேலைநிறுத்தம்கூட அந்த வலைக்குள் விழுந்துவிடும் என்ற அச்சம் வெறும் கற்பனையல்ல.

ஆனால் வரைவிலக்கணத்தைப் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருப்பது எனக்குச் சற்று வியப்பாகவே இருக்கிறது. வரைவிலக்கணம் நீதிமன்றத்துக்கு வழக்கு வரும்போதுதான் வேலை செய்யும். மன்னாரைச் சேர்ந்த இளம் ஆசிரியர் ஒருவர் தமிழில் எழுதிய கவிதைகளுக்காக 2020 மே மாதம் கைதானார். தீவிரவாதத்தையும் வன்முறையையும் கண்டிக்கும் கவிதைகளும் அத்தொகுப்பில் இருந்தன. தமிழ் தெரிந்த ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் வாசித்து முடித்திருக்கலாம். அவர் பிணையில் வந்தது 2021 டிசம்பரில், புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது 2023 டிசம்பரில். கடைசியில் சட்டம் சரியாகத்தானே தீர்ப்பளித்தது என்று ஒருவர் கேட்கலாம். உள்ளே கழிந்த 19 மாதத்தை எந்த வரைவிலக்கணமும் தடுத்திருக்காது. அதைத் தடுத்திருக்கக் கூடியது, முதல் சில நாட்களிலேயே புத்தகத்தைக் கையில் எடுத்து ‘இதில் எந்த வரி குற்றம்?’ என்று கேட்கும் அதிகாரமுள்ள ஒரு நீதவான் மட்டுமே. எனவே மாற்று வரைவுகளில் நான் முதலில் தேடுவது தடுப்புக் கட்டளையை. 2018, 2023, 2025 மூன்றிலும் அது இருக்கிறது. பேனா மட்டும் கைமாறுகிறது: அமைச்சரிடமிருந்து பிரதிப் பொலிஸ் மாஅதிபருக்கு, அங்கிருந்து பாதுகாப்பு அமைச்சின் செயலாளருக்கு. மூவரும் நிறைவேற்றுத்துறையைச் சேர்ந்தவர்கள், பிடித்த பக்கத்தின் ஆட்கள்.

இச்சட்டத்தின் கீழ் பிள்ளை அடைபட்டிருக்கும் ஒரு தாயின் கைப்பையை எங்கள் ஊரில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். உள்ளே ஒரு பொலித்தீன் உறை, அதற்குள் நான்காய் மடித்த கைதுப் பற்றுச்சீட்டு, முழுக்கச் சிங்களத்தில். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். திகதியும் மகனின் பெயரும் மட்டும் தனக்கு அடையாளம் தெரியும் என்றார். கொழும்பிலுள்ள பொலிஸ் விசாரணைத் தலைமையகமான நாலாம் மாடி என்ற பெயரைச் சொல்லும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்ளும் அந்தத் தலைமுறைக்கு, கட்டளையில் ஒப்பமிட்டவர் அமைச்சரா செயலாளரா என்பதில் பெரிய வேறுபாடு தெரியப்போவதில்லை.

சட்டமூலம் மோசமாக இருந்தால் உயர் நீதிமன்றம் திருத்தும் என்று நம்புவோருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 121ஆம் உறுப்புரையின்படி, சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெற்று ஒரு வாரத்துக்குள் எந்தக் குடிமகனும் மனுச் செய்யலாம். 2023ஆம் ஆண்டுச் சட்டமூலத்தைப் பலர் இவ்வழியில் எதிர்த்தார்கள், பயனும் கிடைத்தது. ஆனால் அரசியலமைப்புக்கு முரணான ஏற்பாட்டையும் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் நிறைவேற்றலாம் என்பதே நம் நாட்டு விதி. 159 உறுப்பினர்களை வைத்திருக்கும் அரசுக்கு அந்தத் தடை கால் முழம் உயரம்தான். சபாநாயகர் சான்றுரை எழுதியபின் 80ஆம் உறுப்புரையின்படி எந்த நீதிமன்றமும் அச்சட்டத்தின் செல்லுபடியைக் கேள்வி கேட்க முடியாது. அதாவது, பிழையாக எழுதப்பட்ட சட்டம் ஒன்று உள்ளே நுழைந்துவிட்டால், அதை வெளியேற்றும் வாசல் மீண்டும் நாடாளுமன்றம் மட்டுமே. 46 ஆண்டுகளாக அந்த வாசல் திறக்கவில்லை.

ஆகவே என் தெரிவு இரண்டாவது வழி: நீக்குவது, மாற்றின்றி. அதற்கு அரசியல் துணிவு இல்லையென்றால், மூன்றாவது வழியை ஏற்பதற்கு எனக்கு ஒரே ஒரு நிபந்தனை போதும், மற்றவை அதிலிருந்து தாமே பிறக்கும். புதுச் சட்டத்தின் ஆயுள் அந்தந்த ஆண்டின் ஒதுக்கீட்டுச் சட்டத்தோடு கட்டப்பட வேண்டும். டிசம்பரில் பாதுகாப்பு அமைச்சின் செலவினத் தலைப்புக்கு வாக்கெடுக்கும்போதே, அந்த ஆண்டில் எத்தனை பேர் தடுத்து வைக்கப்பட்டார்கள், சராசரி எத்தனை நாள், எத்தனை பேர்மீது சட்டமா அதிபர் வழக்குத் தொடுத்தார், எத்தனை பேர் வழக்கின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள் என்ற அட்டவணையும் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கருத்தும் சபையில் வைக்கப்பட்டு, தனி வாக்கெடுப்பில் நீடிக்கப்படாவிட்டால் சட்டம் டிசம்பர் 31 நள்ளிரவோடு விழ வேண்டும். 2023 ஜனவரியில் இராணுவத்தை 2030க்குள் ஒரு இலட்சமாகக் குறைப்பதாக அறிவிக்க வைத்தது காசுக் கணக்கு; ஆட்களின் கணக்கையும் அதே மேசையில் வைத்தால் என்ன கேள்விகள் எழும் என்று பார்க்கலாம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று நம் வரலாற்றிலேயே உண்டு. 1983 முதல் 2011 வரை, இடையிடையே விட்ட காலங்கள் நீங்கலாக, அவசரகால நிலை மாதாமாதம் சபைக்கு வந்தது. மாதாமாதம் கைகள் உயர்ந்தன. நீடிப்பு என்பது பூசையாகிவிட்டால் வரம்பு இருந்தும் இல்லாததே. இது என்னை நெடுநாள் யோசிக்க வைத்த மறுப்பு. ஆனால் பொடாவுக்கு முந்திய இந்தியப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவையும் பார்க்க வேண்டும். 1985இல் வந்த அது இரண்டாண்டுக்கு ஒருமுறை நீடிக்கப்பட்டு, 1995 மேயில் நீடிக்கப்படாமல் செத்தது. அந்த ஆண்டு அந்நாட்டுத் தேசிய மனித உரிமைகள் ஆணைக்குழுவின் தலைவர், நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு நீடிக்க வேண்டாம் என்று கடிதம் எழுதியிருந்தார். காலாவதித் திகதி இல்லாதிருந்தால் அந்தக் கடிதத்தை எழுத ஒரு நாளே வாய்த்திருக்காது. வரம்பு வெற்றியை உறுதிசெய்யாது, வாய்ப்பை உண்டாக்கும். கை உயர்த்துகிறவர்களின் பெயர்களாவது ஆண்டுதோறும் நாடாளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில் பதிவாகும்.

கடைசியாக ஒன்று, எந்த வழியைத் தெரிந்தாலும் தப்பவிடக் கூடாதது. நீக்கம் என்று அறிவிக்கும் சட்டமூலங்களின் இறுதிப் பக்கத்தில், பழைய சட்டத்தின் கீழ் ஏற்கெனவே தொடங்கிய வழக்குகள் தொடரும் என்ற காப்பு வாசகம் வழக்கமாக ஒளிந்திருக்கும். அது அப்படியே போனால், நாடு முழுதும் பழைய சட்டத்தின் சாவை அறிவித்துக்கொண்டிருக்கும் வேளையில், 16ஆம் பிரிவின் கீழ் எடுத்த வாக்குமூலத்தை மட்டுமே சாட்சியமாகக் கொண்டு தண்டனை பெற்றவர் உள்ளேயே இருப்பார், அவருடைய கோப்பும் மூடியபடியே இருக்கும். அத்தகைய வழக்குகள் ஒவ்வொன்றையும் மேல் நீதிமன்றம் ஆறு மாதத்துக்குள் மீளப் பார்க்க வேண்டும் என்ற ஒரு வாசகத்தை அந்த இறுதிப் பக்கத்தில் எழுதச் சொல்லியே அமைச்சுக்கு என் கருத்தை அனுப்புகிறேன்.